பொறிக்குள் ஒரு பொறி

வடநாட்டு நகரம் ஒன்றில் நெடுங்காலமாக நடைபெற்றுவரும் தமிழ்ச் சங்கம் ஒன்று, 2000-ஆம் ஆண்டில் ஆண்டு மலர் ஒன்றை வெளியிட்டது. அந்நகருக்கு வேலை தேடி முதன்முதலில் வந்த பெரியவர்கள் சிலர், தாம் ரயிலைவிட்டு இறங்கிய நாளையும், மொழி தெரியாமல் அலைந்ததையும், ஒண்டுக் குடித்தனத்தில் காலந் தள்ளியதையும் அதில் எழுதியிருந்தனர். இன்று அவர்களுள் ஒருவரும் இல்லை. அச்சான மலரின் பிரதியும் கிட்டவில்லை. சங்கத்து அலமாரியில் இருந்தவை ஒரு மழைக்காலத்தில் ஊறிப் போயின. எஞ்சியது, பக்கங்களை அமைத்துக் கொடுத்த அன்பர் பத்திரப்படுத்தி வைத்திருந்த குறுந்தகடு ஒன்றே. அதனை இன்றைய கணிப்பொறியில் இட்டபோது, பேஜ்மேக்கர் என்னும் நிரலில் அமைத்த பக்கங்கள் திறக்கவே மறுத்தன. உடனிருந்த உரைக் கோப்புகள் திறந்தன. ஆனால் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகப் புள்ளியும் கொம்பும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகள் அணிவகுத்து நின்றன.

இதற்குக் காரணம் நேயர்கள் பலரும் அறிந்ததே. அந்நாளில் தமிழ் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு ஒழுங்கு செய்ய முயன்றது. 2010-இல்தான் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. இடைப்பட்ட காலத்து எழுத்துகள் அவ்வவ் எழுத்துருவும் அவ்வவ் நிரலும் இருந்தாலன்றிப் படிக்க முடியாதவை. அந்நிரல்கள் சில 16 பிட் காலத்தவை. இன்றைய 64 பிட் விண்டோஸில் அவை ஓடா. எனவே, மலர் உருவான அந்தப் பழைய கணிப்பொறியையே மீண்டும் உண்டாக்குவதுதான் வழி. ஆனால் அதனை எந்தக் கடையில் வாங்குவது?

வாங்க வேண்டியதில்லை. இன்றைய கணிப்பொறி தனக்குள்ளேயே அதனை உண்டாக்கித் தரும். விர்ச்சுவல் மெஷின், அதாவது மெய்நிகர்ப் பொறி, என்பது இதுவே. செயலியும் நினைவகமும் வட்டும் திரையும் தனக்கே உரியவை என்று உள்ளிருக்கும் இயங்குதளம் நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் அவையெல்லாம் வெளியிலுள்ள ஒரு நிரல் காட்டும் தோற்றமே. ஒரே வீட்டை அறை அறையாகத் தடுத்து, கிணறு ஒன்று, முற்றம் ஒன்று என வைத்துக்கொண்டு, குடித்தனக்காரர் ஒவ்வொருவரும் தனி வீட்டில் இருப்பதாகவே எண்ணும்படி ஒரு வீட்டுக்காரர் நடத்துவாரானால், அவர் பெருந்திறமைசாலி என்போம். அந்த வீட்டுக்காரரின் பெயர் கணிப்பொறி உலகில் ஹைப்பர்வைசர்.

இந்த ஏற்பாடு மேசைக் கணிப்பொறிக்காகத் தோன்றியதன்று. அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த பெரும்பொறிகளின் காலத்தில் பிறந்தது. 1950-களின் பிற்பகுதியில், ஒரு பொறியைப் பலர் பங்கிட்டுக்கொள்வது எவ்வாறு என்பதே அமெரிக்க ஆய்வாளர்களின் கவலையாக இருந்தது. மசாசூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ 1961 நவம்பரில், பலர் தத்தம் தட்டச்சுக் கருவியிலிருந்து ஒரே பொறியைப் பயன்படுத்தும் நேரப் பங்கீட்டு முறையைச் செய்து காட்டினார். 1964 ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் பொறிக் குடும்பத்தைப் பெரும் ஆரவாரத்துடன் அறிவித்தது. ஆனால் நேரப் பங்கீட்டுக்கு இன்றியமையாத முகவரி மாற்றும் வசதி அதில் இல்லை. அதே கழகத்தார் தமது அடுத்த பெருந்திட்டத்துக்கு ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியைத் தேர்ந்துகொண்டனர். அவ்வாண்டிலேயே கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். தொடங்கியிருந்த சிறியதோர் ஆய்வு மையத்துக்கு இது பெருத்த அடி.

அந்த மையத்தில் ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ என்னும் இருவர் 1964-இன் இறுதியில் ஒரு யோசனையைத் தொடங்கினர். பலருக்கும் பொதுவாக ஒரு பெரிய இயங்குதளம் எழுதுவானேன்? ஒவ்வொருவருக்கும் ஒரு முழுப் பொறியையே தோற்றமாகக் கொடுத்துவிட்டால், அவரவர் தமக்கு வேண்டிய சிறிய இயங்குதளத்தை அதில் ஓட்டிக்கொள்ளட்டுமே! இதற்கென 360 வரிசையின் 40-ஆம் மாதிரிப் பொறி ஒன்றை வாங்கி, முகவரி மாற்றும் உறுப்பைத் தாமே அதில் சேர்த்தனர். சி.பி.-40 என்று பெயர் பெற்ற அந்த அமைப்பு 1967 ஜனவரியில் அன்றாடப் பயனுக்கு வந்தது. அது 14 மெய்நிகர்ப் பொறிகளைத் தாங்கியது. ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம் உண்டு என்பது தோற்றம். முதலில் அவர்கள் இதனைப் ‘போலிப் பொறி’ என்றே அழைத்தனராம். அதே நிறுவனத்தின் வேறோர் ஆய்வுக் குழுவினர் ‘மெய்நிகர்’ என்ற சொல்லை ஆள்வதைக் கேட்ட பின்னரே பெயரை மாற்றிக்கொண்டனர். போலி என்ற பெயரே நிலைத்திருந்தால், விற்பனைக்கு அது உதவியிராது.

அடுத்து வந்த சி.பி.-67, நிறுவனம் ஏராளமான ஆட்களை அமர்த்தி எழுதிய அதிகாரபூர்வமான நேரப் பங்கீட்டு அமைப்பைவிட நன்றாக ஓடியது. 1972 ஆகஸ்டு 2-ஆம் நாள் வி.எம்./370 என்னும் பெயரில் இது முறையான விற்பனைப் பொருளாயிற்று. அதன் வழித்தோன்றல் இன்றளவும் பெரும்பொறிகளில் ஓடுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் நிறுவிய ஐ.பி.எம். 370/155 இந்த 370 குடும்பத்தைச் சேர்ந்தது. அந்நாள் மாணவர்கள் துளையிட்ட அட்டைக் கட்டுகளைக் கையில் ஏந்தி முறை வரும்வரை காத்திருந்ததை நினைவுகூரும் அன்பர்கள் இன்றும் பல மாநிலங்களில் இருக்கிறார்கள்.

1974-இல் ஜெரால்டு போப்பெக், ராபர்ட் கோல்டுபர்க் என்னும் இரு அறிஞர்கள், எத்தகைய செயலியில் மெய்நிகர்ப் பொறி எளிதில் அமையும் என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தனர். அதனை நம் வீட்டுக்காரர் உவமையிலேயே சொல்லிவிடலாம். கிணற்றுக் கயிற்றைத் தொடுவது, பொது விளக்கை அணைப்பது போன்ற, பிறரைப் பாதிக்கும் செயல் ஒன்றைக் குடித்தனக்காரர் செய்ய முற்பட்டால், அந்தக் கணமே வீட்டுக்காரருக்கு மணி அடிக்க வேண்டும். அவர் வந்து செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போவார். மணி அடிக்காத ஒரு செயல் இருந்தாலும் இந்த முறையில் குடித்தனம் நடத்த முடியாது.

இப்பொழுதுதான் மேசைக் கணிப்பொறி கதைக்குள் வருகிறது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். வெளியிட்ட தனிநபர் கணிப்பொறியில் இருந்தது இன்டெல் 8088 செயலி. ஆளுக்கொரு பொறி என்று ஆன பின்பு பங்கீடு எதற்கு? மெய்நிகர்ப் பொறியை உலகம் ஏறக்குறைய மறந்தது. 1985-இல் வந்த 80386 செயலி, பழைய 8086-ஐப் போல நடிக்கும் ஒரு முறையைத் தந்தது. 1987-இல் வந்த விண்டோஸ்/386 அதனைக் கொண்டு பல டாஸ் நிரல்களை ஒருங்கே ஓட்டிற்று. ஆனால் 386-இன் முழு உருவத்தையே மெய்நிகராக்க வழியில்லை. போப்பெக்கும் கோல்டுபர்க்கும் சொன்ன மணி இந்தக் குடும்பத்துச் செயலிகளில் பல இடங்களில் அடிப்பதேயில்லை. 2000-ஆம் ஆண்டில் பென்டியம் செயலியை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை ஒன்று அத்தகைய கட்டளைகள் 17 என்று எண்ணிக் காட்டியது. அவற்றுள் ‘பாப்-எஃப்’ என்னும் கட்டளை ஒன்று. குறுக்கீடுகளை நிறுத்தி வைக்குமாறு உள்ளிருக்கும் இயங்குதளம் இதன் மூலம் கேட்டால், அதிகாரமற்ற நிலையில் செயலி அதனை நிறைவேற்றுவதுமில்லை, மறுப்பதுமில்லை, பேசாமல் விட்டுவிடும். கேட்டவரோ நிறைவேறிவிட்டது என்று எண்ணி மேலே செல்வார். பிறகு பொறி நிலைகுலைவதற்கு வேறு காரணம் வேண்டுமோ?

இந்தச் சிக்கலை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெண்டல் ரோசன்பிளம்மும் அவர் மாணவர்களும் வேறு வழியில் கடந்தனர். 1997-இல் டிஸ்கோ என்னும் ஆராய்ச்சி அமைப்பு. 1998-இல் டயான் கிரீன் முதலியோருடன் சேர்ந்து வி.எம்.வேர் நிறுவனம், 1999 மே மாதத்தில் மேசைக் கணிப்பொறிக்கான வொர்க்ஸ்டேஷன் என்னும் நிரல் என அடுத்தடுத்து வந்தன. அவர்கள் செய்த உபாயம் இது. உள்ளிருக்கும் இயங்குதளத்தின் கட்டளைகளை ஓடவிடுமுன்பே படித்துப் பார்த்து, தீங்கான கட்டளை வருமிடத்தில் வேறு கட்டளைகளை மாற்றி எழுதிவிடுவது. சாதாரண நிரல்களின் கட்டளைகளை மாற்றாமல் நேராகவே ஓடவிட்டதால் வேகம் பெரிதும் குறையவில்லை. இந்த வரலாற்றில் நம்மை மிகவும் வியக்கவைப்பது இந்த இடம்தான். முடியாது என்று இலக்கணம் சொன்னதை, இலக்கணத்தைச் சுற்றிக்கொண்டு போய் முடித்தவர்கள் இவர்கள்.

செயலி செய்பவர்கள் இதனைக் கண்டு வாளாவிருக்கவில்லை. இன்டெல் 2005 நவம்பரில் வி.டி.-எக்ஸ் என்னும் வன்பொருள் உதவியைச் செயலியிலேயே சேர்த்தது. ஏ.எம்.டி. 2006-இல் அதற்கு இணையானதைத் தந்தது. அடிக்காத மணிகள் இப்போது அடித்தன. ஆயினும், இந்த முதல் தலைமுறை உதவி மென்பொருளின் மொழிமாற்று உபாயத்தை வேகத்தில் பல வேளைகளில் வெல்லவில்லை என்பதை வி.எம்.வேர் ஆய்வாளர்கள் 2006-இல் அளந்து காட்டினர். நினைவக முகவரிகளை மாற்றும் வேலையையும் செயலியே ஏற்றுக்கொண்ட பின்னரே, ஏ.எம்.டி.யில் 2007-இலும் இன்டெலில் 2008-இலும், வன்பொருள் முன்னே வந்தது.

இன்று புதிதாக மெய்நிகர்ப் பொறி அமைக்க முயல்வோர் முதலில் சந்திக்கும் தொல்லை இந்த 2005-இன் எச்சமே. நிரலை நிறுவியாயிற்று, ஆனால் வி.டி.-எக்ஸ் கிடைக்கவில்லை என்ற செய்தி வருகிறது, அல்லது தெரிவுப் பட்டியலில் 64 பிட் இயங்குதளங்களையே காணோம். உதவி செயலிக்குள் இருக்கிறது. ஆனால் பயாஸில் அதன் கதவு சாத்தியிருக்கிறது. கணிப்பொறிகள் பல அவ்வாறே தொழிற்சாலையிலிருந்து வந்தன. இதனை வெறும் அசட்டுத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2006-இல் ஜோனா ருட்கோவ்ஸ்கா என்னும் ஆய்வாளர், ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தை அதுவே அறியாதபடி மெய்நிகர்ப் பொறிக்குள் தள்ளிவிடும் ஒரு கள்ள நிரலைச் செய்து காட்டினார். வீட்டுக்காரராகவே இருந்தவர் ஒரே இரவில் குடித்தனக்காரர் ஆகிவிட்டார்! கதவைத் திறக்க, கணிப்பொறி தொடங்கும்போதே டெல் அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பயாஸுக்குள் சென்று, இன்டெலானால் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்பதனையும், ஏ.எம்.டி. ஆனால் எஸ்.வி.எம். என்பதனையும் இயங்கச் செய்தல் வேண்டும். திறந்திருக்கிறதா என்பதை விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் சி.பி.யூ. பகுதியிலேயே காணலாம்.

இரண்டாவது தொல்லை நுட்பமானது. விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இலவச நிரலைப் பலர் அறிவர். ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007 ஜனவரியில் அதன் மூலநிரலைப் பொதுவில் வைத்தது. அது 2008-இல் சன் நிறுவனத்திடமும், 2010-இல் ஆரக்கிளிடமும் கைமாறியது. நல்ல நிரல்; பிழையின்றி நிறுவியாயிற்று; கதவும் திறந்திருக்கிறது; ஆனால் ஆமை வேகத்தில் ஓடுகிறது. இஃது உவமையன்று. சாளரத்தின் அடியில் உண்மையாகவே சிறிய பச்சை ஆமை ஒன்று தோன்றும்! மைக்ரோசாஃப்ட் 2008-இல் சேவையகங்களுக்கெனக் கொண்டுவந்த ஹைப்பர்-வி என்னும் ஹைப்பர்வைசர், 2012-இல் விண்டோஸ் 8-உடன் மேசைக் கணிப்பொறிக்கும் வந்தது. அது விழித்திருந்தால் வி.டி.-எக்ஸ் உதவி அதன் கைக்குப் போய்விடும். முன்பு விர்ச்சுவல்பாக்ஸ் ஓட மறுத்துவிடும். 2018 டிசம்பரில் வந்த 6.0 பதிப்பு முதல், ஹைப்பர்-வியிடம் கெஞ்சி வாங்கி மெதுவாக ஓடக் கற்றுக்கொண்டது. அதன் அறிகுறியே அந்த ஆமை. விண்டோஸ் வசதிகளின் பட்டியலில் ஹைப்பர்-வியை எடுத்துவிட்டும் ஆமை போகவில்லையே என்பார் உண்டு. விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி என்னும் பாதுகாப்பும் அதே ஹைப்பர்வைசரின் மேல்தான் நிற்கிறது. அதனை நிறுத்தினால் ஆமை மறையும், பாதுகாப்பும் குறையும். வங்கிக் கணக்கு பார்க்கும் கணிப்பொறியில் அதனை நிறுத்துவதைவிட ஆமையைப் பொறுத்துக்கொள்வதே நம் கருத்தில் நன்று.

இனி சங்கத்தின் குறுந்தகட்டுக்கு வருவோம். மலர் உருவானது விண்டோஸ் 98-இல். அதன் உரிமம் பெற்ற பழைய தகடு ஒன்று பக்கம் அமைத்த அன்பரிடமே இருந்தது. முதலில் நாம் விர்ச்சுவல்பாக்ஸிலேயே முயன்றோம். நிறுவும்போதே பிழைச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் கொடுத்தால் விண்டோஸ் 98 திணறும் என்பதனை நினைத்து 128-ஆகக் குறைத்தோம், பயனில்லை. தகட்டில் கோளாறோ என ஐயுற்றோம், அதுவுமன்று. பின்னரே காரணம் விளங்கிற்று. நினைவக முகவரிகளைப் பற்றிச் செயலி தன்னிடம் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகளை உரிய காலத்தில் அழிப்பதில் அந்தப் பழைய விண்டோஸ் கவனக் குறைவு உடையது. அந்நாள் செயலிகள் அதனைப் பொறுத்துக்கொண்டன. புதிய செயலிகள் சில பொறுப்பதில்லை. வன்பொருள் உதவியுடன் ஓட்டும்போது நிஜச் செயலியின் இந்தக் கண்டிப்பு உள்ளிருப்பவரையும் தாக்குகிறது. ஆகவே, பெரும்பாடுபட்டுத் திறந்த அந்தக் கதவின் உதவியை இங்கு வேண்டாம் என்று மறுக்க வேண்டியதாயிற்று! விர்ச்சுவல்பாக்ஸோ 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பு முதல் அவ்வுதவி இன்றி ஓடும் முறையையே கைவிட்டுவிட்டது.

கைகொடுத்தது கெமு என்னும் நிரல். ஃபிரான்சு நாட்டு ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2003-இல் வெளியிட்டது. இது ஒவ்வொரு கட்டளையையும் தானே மொழிபெயர்த்து ஓட்டும். மெதுவானதுதான், ஆனால் 2000-ஆம் ஆண்டுப் பொறியோடு ஒப்பிடுங்கால் இன்றைய செயலியின் மந்தமே அன்றைய வேகத்துக்குப் போதும். 2 கிகாபைட் வட்டு, 128 மெகாபைட் நினைவகம், சிரஸ் லாஜிக் திரை அட்டை, சவுண்டு பிளாஸ்டர் 16 ஒலி அட்டை என்று அமைத்தோம். கடைசி இரண்டுக்கும் காரணம் உண்டு. விண்டோஸ் 98 பிறந்தபோதே அவற்றை அறியும். தனியே இயக்கி நிரல் தேட வேண்டுவதில்லை. புதிய அட்டையைக் கொடுத்தால் 640-க்கு 480 அளவில் பதினாறு நிறங்களோடு நின்றுவிடும். நிறுவும் கோப்புகளை முதலில் மெய்நிகர் வட்டிலேயே நகலெடுத்து அங்கிருந்து நிறுவினால், அடிக்கடி தகட்டைக் கேட்டு நச்சரிப்பதும் இல்லை. வலையிணைப்பை அடியோடு எடுத்துவிட்டோம். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தை இணையத்தில் விடுவது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போவதாகும்.

அந்நாளைய தமிழ் நிரல்கள் சில, கணிப்பொறியின் பின்புறம் செருகும் பூட்டுச் சாவி ஒன்று இருந்தாலன்றி ஓடா. அச்சாவிக்கு வேண்டிய துளையே இன்றைய கணிப்பொறிகள் பலவற்றில் இல்லை. சங்கத்தார் பயன்படுத்தியது அத்தகையதன்று, அது நல்லூழ். குறுந்தகட்டின் உள்ளடக்கத்தை ஐ.எஸ்.ஓ. பிம்பமாக்கிக் கெமுவுக்குத் தகடாகக் காட்டி, எழுத்துருக்களை நிறுவி, பேஜ்மேக்கரில் மலரைத் திறந்தோம். முதற்பக்கத்துக் குத்துவிளக்கும், அதன் கீழே சங்கத்தின் பெயரும் நல்ல தமிழில் எழுந்தன. அருகிலிருந்த செயலாளர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு கட்டுரையாளர் அவருடைய தகப்பனார்.

வெளியே எடுப்பதற்கு, உள்ளே ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறி இருப்பதாக விண்டோஸை நம்பவைத்து, பக்கங்களை எழுத்துருக்களோடு கோப்பாக அச்சிட்டோம். கெமுவை முறையாக நிறுத்திய பின், மெய்நிகர் வட்டின் கோப்பை வெளியிலிருந்தே செவன்-ஜிப் கொண்டு திறந்து அச்சுக் கோப்பை எடுத்து, கோஸ்ட்ஸ்கிரிப்ட் மூலம் பி.டி.எஃப். ஆக்கினோம். உரையைத் தனியே எடுத்து யூனிகோடுக்கு மாற்றும் வேலை இன்னும் நடைபெறுகிறது; ஒற்றெழுத்துகள் சில இடம் மாறி விழுவதால் ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். மெய்நிகர் வட்டையும் எழுத்துருக்களையும் சேர்த்து, இரு வேறு வட்டுகளில் இரு வேறு அன்பர்களின் இல்லங்களில் வைத்திருக்கிறோம். ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறோமே, போதாதா என்றார் ஒருவர். மூல வட்டு கெட்டால் அதன்மேல் நிற்கும் ஸ்னாப்ஷாட்டும் உடன் கெடும் என்பதனைச் சொல்லி நகலெடுக்க வைத்தோம்.

மலரில் ஒரு கட்டுரையின் நடுப்பகுதி மட்டும் கிட்டவில்லை. குறுந்தகட்டில் அவ்விடத்தில் கீறல் விழுந்திருக்கிறது. எந்தப் பொறிக்குள் பொறி வைத்தாலும் அதனைப் படிக்க முடியவில்லை. அந்த 2000-ஆம் ஆண்டு மலரின் அச்சுப் பிரதி, ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய உறுப்பினர் எவரிடமேனும் இருக்குமா எனச் சங்கத்தார் கடிதம் எழுதிக் கேட்டு வருகின்றனர்.